எகிப்துக்காரிக்கு நிறம் கலந்த மூன்று மாதம்

நான் வேலை செய்த இடத்தில் இப்போது தோலின் நிறத்தை அளக்க ஒரு கருவி வந்திருக்கிறதாம். பேனா மாதிரி இருக்குமாம். நோயாளியின் கையில் வைத்து அமத்தினால், எந்தச் சாயத்தில் எத்தனை துளி என்று கணினி சொல்லிவிடுமாம். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த சோஃபி தொலைபேசியில் சொன்னாள். நல்ல விஷயம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன், என் கண்களைக் கேட்டால் அவையும் அதையே சொல்லும். பிறகு அவள், நீங்கள் ஒரு பழங்கால எகிப்துக்காரிக்கு நிறம் கலந்தீர்களாமே, அதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டாள். அளக்கவில்லை, சண்டை பிடித்தோம் என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அந்தக் கதையைத் தங்கள் செய்தி மடலுக்குப் பிரெஞ்சில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பிரெஞ்சில் எழுதும்போது நான் தேவைக்கு மேல் மரியாதையானவளாகி விடுகிறேன்.

எங்கள் லாப், மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் இருந்தது. புற்றுநோயாலோ விபத்தாலோ காதையோ மூக்கையோ விரலையோ இழந்தவர்கள் அங்கே வருவார்கள். இழந்ததை நாங்கள் சிலிக்கனில் செய்து கொடுப்போம். உருவம் வார்ப்பது என் மேலதிகாரி முசியே கஸ்தோனின் வேலை. நிறம் கொடுப்பது என் வேலை. திருகோணமலையில் ஒரு பாடசாலையின் விஞ்ஞான அறையில் உதவியாளராக இருந்தவள், இங்கே வந்து ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவி, பல் கட்டும் இடத்தில் சாந்து குழைத்து, மாலை வகுப்புக்குப் போய், எட்டு வருசத்தில் அந்த மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தேன். அதை இத்தோடு விடுகிறேன். மொன்றியலில் எல்லாத் தமிழரிடமும் அந்தக் கதை ஒன்று இருக்கிறது; பெயர்களை மாற்றினால் போதும்.

கஸ்தோன் ஆறடிக்கு மேல் உயரம். கையெழுத்து மட்டும் எறும்பு அளவு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் 'பொன்' என்று ஒரே சொல் இருந்தது. தமிழ்க் காதுக்குத் தங்கம் என்று கேட்கும். பிரெஞ்சில் 'நல்லது' என்று பொருள். கஸ்தோன் சொல்லும்போது இரண்டும் இல்லை. சட்டென்று சொன்னால் சரி. இழுத்துச் சொன்னால் பிழை. சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால், அன்றைக்கு யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் மரியாதையை அவர்களுடைய உறுப்புகளுக்கும் கொடுப்பார். செய்து முடியாத மூக்கு ஒன்றைத் தட்டில் ஏந்திக்கொண்டு, "இவர் இன்று கொஞ்சம் வெளிறியிருக்கிறார், மதாம் மலர்" என்பார்.

நிறம் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. மின்விளக்கை அணைக்க வேண்டும். நோயாளியை வடக்கு யன்னலோரம் இருத்த வேண்டும். சிலிக்கன் துண்டைத் தோலின் பக்கத்தில் பிடித்து ஐந்து வினாடிதான் பார்க்கலாம். அதற்கு மேல் பார்த்தால் கண் சமாதானமாகப் போய்விடுமாம், எதையும் சரி என்று சொல்லுமாம். உடனே சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொண்டு, மறுபடி ஐந்து வினாடி. பிறகு குழாய் விளக்கில் ஒரு தரம், வீட்டு மஞ்சள் பல்பில் ஒரு தரம். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை: பெயர், வயது, தொழில், வெயிலில் நிற்பவரா, கோடையில் எவ்வளவு கறுப்பார். இந்த ஊரில் பலருக்கு நாங்கள் இரண்டிரண்டு செய்தோம், கோடைக்கு ஒரு காது, மாரிக்கு ஒரு காது.

நான் சேர்ந்த முதல் மாரியில் முசியே ஒனோரே வந்தார். ஹெயிட்டியில் பிறந்து, நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர். கார் விபத்தில் வலது காது போய்விட்டது. லாப்பில் ஒரு செய்முறைக் கொப்பி இருந்தது. இளஞ்சிவப்புத் தோலுக்கு அதில் பக்கம் பக்கமாகக் கலவைகள் இருந்தன. தவிட்டு நிறப் புள்ளி உள்ளவர், குளிரில் சிவப்பவர், குடித்தால் சிவப்பவர் என்று தனித்தனியாக. கடைசிப் பக்கத்தில் 'மற்றவர்கள்' என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு கலவை. நான் புதியவள், கொப்பியை நம்பினேன். காது நல்ல மண்ணிறத்தில் வந்தது. ஒனோரே கண்ணாடியில் பார்த்துச் சந்தோசமாகப் போனார்.

பத்து நாள் கழித்துக் காதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மேசையில் வைத்தார். பனி வெளிச்சத்தில் அது கத்தரிக்காய் நிறம் காட்டுகிறது என்றும், மாணவர்கள் தன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தே பாடம் படிக்கிறார்கள் என்றும் மிகவும் பண்பாகச் சொன்னார். நான் அதை யன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கத்தரிக்காயேதான்.

கஸ்தோன் 'பொன்' என்று இழுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். கொப்பியை எடுத்து 'மற்றவர்கள்' என்ற தலைப்பை ஒரு கோட்டால் வெட்டி, கொப்பியை என்னிடம் தந்து, இங்கிருந்து தொடங்குங்கள் என்றார். முதல் பக்கம் 'ஒனோரே, மாரி' என்று எழுதினேன். சில வருசங்களில் நான் எழுதிய பின்பக்கம் பழைய முன்பக்கத்தை விடத் தடித்துவிட்டது.

இனி எகிப்துக்காரி. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நகரத்தில் பழம்பொருட்கள் வைத்திருக்கும் ஒரு நூதனசாலையில் ஒரு மம்மி இருந்தது. நூறு வருசத்துக்கு மேலாக அங்கேயே கிடக்கும் ஒரு பெண். அவளை ஸ்கான் செய்து, மண்டையோட்டைப் பிளாஸ்டிக்கில் அச்செடுத்து, அதன் மேல் ஒரு சிற்பி களிமண்ணால் முகம் கட்டியிருந்தார். அந்த முகத்தைச் சிலிக்கனில் வார்த்து, தோலின் நிறம் கொடுக்க வேண்டும். நூதனசாலையில் எகிப்துப் பகுதிக்குப் பொறுப்பான மதாம் எலேன், அச்சைப் பெட்டியில் வைத்து, டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

கஸ்தோன் வழக்கம்போலப் புது அட்டை ஒன்றை எடுத்தார். பெயர் என்ன என்று கேட்டார். சவப்பெட்டியில் பெயர் அழிந்துவிட்டது என்றார் எலேன். வயது நாற்பது அளவில். ஊர், தெற்கு எகிப்தின் நைல் கரை. தொழில் தெரியாது. வெயிலில் நின்றவளா என்பது தெரியாது. தோலின் நிறம் என்ற இடத்துக்கு வந்ததும் எலேன் பெருமூச்சு விட்டார். மம்மியின் தோல் இப்போது தார் மாதிரி இருக்கிறது, ஆனால் அது பூசிய பிசினும் காலமும் செய்த வேலை. சுவர்ச் சித்திரங்களில் ஆண்களைச் செம்மண் நிறத்திலும் பெண்களை மஞ்சளிலும் தீட்டினார்கள், ஆனால் அது ஓவியர்களின் வழக்கம். எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் கலியாண அல்பங்களில் எல்லாப் பொம்பிளையும் மாப்பிள்ளையை விட இரண்டு நிறம் வெளிறித்தானே இருப்பாள். எலும்போ மூக்கையும் தாடையையும் சொல்லும், நிறத்தைச் சொல்லாது.

"அதாவது, நோயாளி இல்லாமல் நோயாளியின் நிறத்தைக் கேட்கிறீர்கள்" என்றார் கஸ்தோன்.

எலேன் ஓம் என்று தலையாட்டினார். இன்னொன்றையும் சொன்னார். முந்திய கண்காட்சி ஒன்றின் சுவரொட்டியில் எகிப்து ராணி ஒருத்தியைப் பால் நிறத்தில் போட்டு, நூதனசாலை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆகவே இந்த முறை முகத்தின் நிறத்தைத் தீர்மானிக்க வெளியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர், தன் மாணவர்களோடு போய் அந்தச் சுவரொட்டியை எதிர்த்த ஆசிரியர். பெயரைச் சொன்னார். அவருடைய வலது காது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர் நாதியா, தெற்கு எகிப்தில் பிறந்து இங்கே அஹுன்ட்சிக்கில் மருந்துக்கடை வைத்திருப்பவர்.

இந்தச் செய்தி எங்கள் ஆட்களிடையே எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நல்லதம்பி அண்ணை தொலைபேசி எடுத்தார். கார்ட்டியர்வில்லில் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துபவர், யாழ்ப்பாணத்துக்காரர், மிக நல்ல மனிதர். உலகத்தில் நாகரிகம் தோன்றிய இடங்களுக்கெல்லாம் அவரிடம் ஒரு கோப்பு இருந்தது. ஒவ்வொரு கோப்பும் ஒரே மாதிரித்தான் முடியும்.

"பிள்ளை, எகிப்துக்காரிக்கு நீதான் கலர் அடிக்கிறியாம். கவனமாச் செய்ய வேணும். அது எங்கட ஆக்கள்."

"அப்பிடி ஆர் அண்ணை சொன்னது?"

"நைல் எண்டால் என்ன? நீலம். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

சவப்பெட்டியில் தமிழில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றேன். பெயர் அழிந்திருக்கிறதா என்று கேட்டார். அழிந்திருக்கிறது என்றேன். "பாத்தியே" என்றார், வழக்கு வென்ற அப்புக்காத்தைப் போல. நான் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு வைத்தேன். அடுத்த கிழமை அந்தச் சிரிப்புக்குப் பதில் கிடைத்தது.

முதல் மாதிரித் துண்டை நானே யோசித்துக் கலந்தேன். மூன்று நாள் எடுத்தது. சிலிக்கன் களியில் மஞ்சள் காவி, சிவப்புக் காவி, கொஞ்சம் நீலம், நரம்புச் சாயலுக்குச் சிவப்பும் நீலமுமாக நூல் பொடி. எனக்கே பிடித்துப்போன ஒரு நிறம். கஸ்தோன் துண்டை வாங்கி யன்னலருகே போனார். என்னையும் கூப்பிட்டார். சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். என் முன்கையின் உட்பக்கத்தில் துண்டை வைத்தார். துண்டு காணாமல் போய்விட்டது.

"மதாம் மலர், இந்த அம்மாவுக்குத் திருகோணமலையில் உறவு இருக்கிறதா?" என்று கேட்டார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நோயாளி இல்லாதபோது கைக்கு மிக அருகில் இருந்த தோலைப் பார்த்துப் பார்த்துக் கலந்திருக்கிறேன். அது யாருடைய தோல் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. நல்லதம்பி அண்ணை வாயால் செய்ததை நான் மூன்று நாள் மினக்கெட்டுக் கையால் செய்திருந்தேன். கஸ்தோன் துண்டின் பின்னால் எறும்பு எழுத்தில் 'மலர், கோடை' என்று எழுதி மேசை லாச்சியில் போட்டார்.

பிறகுதான் ஒழுங்கான வேலை தொடங்கியது. எலேன் நைல் கரை மனிதர்களின் புகைப்படங்கள் கொண்டுவந்தார். புகைப்படத்தை நம்ப முடியாது, ஆட்கள் வேண்டும் என்றார் கஸ்தோன். நாதியா ஆட்களைத் திரட்டினார். இரண்டு சனிக்கிழமைகள் அவருடைய சொந்தக்காரர்கள், தேவாலயத்து ஆட்கள், அஸ்வான் பக்கத்து நூபியக் குடும்பம் ஒன்று, சூடான் சிநேகிதி ஒருத்தி எல்லாரும் மூன்றாம் மாடிக்கு வந்து யன்னலோரம் சட்டைக் கையை மடித்தார்கள். இனிப்பும் கொண்டுவந்தார்கள். கூடப்பிறந்த மூன்று சகோதரிகள் வந்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று கலவை தேவைப்பட்டது. மூத்தவள் சின்னவளைப் பார்த்து அரபியில் ஏதோ சொல்ல, சின்னவள் முறைத்தாள். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை, எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். கடைசியில் எல்லாக் கைகளையும் ஆறு துண்டுகளுக்குள் அடக்கினேன். வெளிறிய ஒன்றிலிருந்து நன்றாகக் கறுத்த ஆறு வரை.

தீர்மானிக்கும் கூட்டம் எங்கள் லாப்பில்தான் நடந்தது. நான் துண்டுகளைத் துணியால் மூடி வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். எடுத்த எடுப்பிலேயே ஒனோரே, இந்த வழியே பிழை என்றார். இன்று அங்கே இருப்பவர்களின் கையைப் பார்த்து அன்று இருந்தவர்களுக்கு எப்படி நிறம் கொடுப்பீர்கள்? இடையில் கிரேக்கர் வந்தார்கள், ரோமர் வந்தார்கள், அராபியர் வந்தார்கள், துருக்கியர் வந்தார்கள்.

நாதியாவின் குரல் தணிந்துபோனது. "வந்தவர்கள் வந்தார்கள். இருந்தவர்கள் எங்கே போனார்கள், முசியே? நாங்கள் எல்லாரும் விருந்தாளிகளா?"

ஒனோரே விடவில்லை. அன்றைய எகிப்துக்காரர் தங்கள் நாட்டுக்கு வைத்த பெயரே கறுப்பு என்றுதான் பொருள் தரும் என்றார். அது ஆறு கொண்டுவந்த கறுப்பு மண்ணைச் சொல்வது, ஆட்களை அல்ல என்றார் எலேன். அவர்கள் நம்மைப் போலத் தோலை வைத்து ஆளைப் பிரிக்கவில்லை, ஆற்றின் நீளத்துக்குப் பல நிறத்தில் இருந்த ஒரே மக்கள் என்று விளக்கப் பார்த்தார். இப்படிப் பேசுவது உங்களுக்குச் சுலபம் என்று ஒனோரேயும் நாதியாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பிறகு ஒனோரே எழுந்து கோட்டை எடுத்தார். எங்களைப் பார்க்காமல், கோட்டின் பொத்தானைப் பார்த்துப் பேசினார்.

"நான் சிறுவனாகப் படித்த புத்தகத்தில் எகிப்து ஆபிரிக்காவில் இருக்கவில்லை. வரைபடத்தில் இருந்தது. பாடத்தில் இல்லை. என் ஆட்களின் சரித்திரம் கப்பலில் ஏற்றிய நாளிலிருந்து தொடங்கியது. அதையே நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நானும் படிப்பித்தேன். உங்களுக்கு இது சாயம்."

நாதியாவும் கைப்பையை எடுத்தார். தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்றார். வெள்ளைக்காரர் வந்து எங்கள் பாட்டியைத் தங்கள் பாட்டி என்றார்கள், இப்போது நீங்களும் வந்திருக்கிறீர்கள், எங்களிடம் கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றார். எலேனின் முகம் இரண்டாம் நம்பர் துண்டு அளவுக்கு வெளிறியது. இருவரும் போய்விட்டால் நூதனசாலை முகத்தையே காட்சிக்கு வைக்காது. அது எல்லாருக்கும் தெரியும்.

கஸ்தோன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நோயாளியை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லையே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. காத்திருப்பு அறையில் பொறுமை இழந்தவர்களிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு போய் மின்விளக்கை அணைத்தார். இருவரும் நின்றார்கள். நான் துணியை எடுத்தேன்.

ஒருவர் ஒருவராக யன்னலுக்கு வர வேண்டும், ஐந்து வினாடி பார்க்க வேண்டும், சாம்பல் அட்டை, மறுபடி ஐந்து வினாடி, ஒரு கடதாசியில் ஒரு நம்பர். பேசக் கூடாது. தங்களுக்குத் தெரிந்த அளவில், தெற்கு நைல் கரையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி எந்தத் துண்டாக இருப்பாள் என்று மட்டும் எழுத வேண்டும். ஒனோரே நீண்ட நேரம் நின்றார். கஸ்தோன் மணிக்கூட்டைப் பார்த்து, 'மெர்சி' என்று நன்றி சொல்லி நகர்த்தினார். நாதியா உடனே எழுதிவிட்டார்.

கடதாசிகளைக் கஸ்தோன் விரித்தார். எலேன் நாலு. நாதியா ஐந்து. ஒனோரே ஐந்து.

ஒனோரே யன்னலடிக்குத் திரும்பிப் போய் ஐந்தாம் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். இது நுவார் என்றார், கறுப்பு. நாதியா, எங்கள் ஊரில் இதற்குக் கோதுமை நிறம் என்று பெயர், கொஞ்சம் முறுகிய கோதுமை என்றார். கஸ்தோன் என்னைப் பார்த்தார். உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார். 'பொது நிறம்' என்றேன். விளக்கவும் வேண்டியதாயிற்று. எங்கள் கலியாண விளம்பரங்களில் பெண்ணுக்குப் பொது நிறம் என்று போட்டிருந்தால், நேரில் வந்து பார்த்து உங்கள் பாடு என்று அர்த்தம் என்றேன். நாதியா சிரித்துவிட்டார். அவர்களிடமும் அதே பகிடி உண்டாம், கோதுமை என்று சொல்லிப் பெண் பார்க்கக் கூட்டிப் போவார்களாம். எலேனும் சிரித்தார்.

ஒனோரே சிரித்தார், ஆனால் முழுதாக இல்லை. நிறம் ஒன்றுதான் என்றால் என்னுடைய சொல்லைச் சொல்ல ஏன் எல்லாருக்கும் வாய் கூசுகிறது என்று கேட்டார்.

நாதியா அவரை நேராகப் பார்த்தார். "உங்கள் சொல்லோடு எனக்குப் பகை இல்லை, முசியே. அதைச் சொல்லும்போது என்னை அந்த இடத்திலிருந்து எழுப்பி விடாதீர்கள். அவ்வளவுதான்."

ஒனோரே கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

அதன் பிறகு சண்டை நிறத்தை விட்டு விளக்கப் பலகைக்குப் போனது. எலேன் எங்கள் மேசையிலேயே இருந்து எழுதினார். முதல் வரியில் ஆபிரிக்கா என்ற சொல் வர வேண்டும் என்றார் ஒனோரே. அவளுடைய சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள் என்பது இரண்டாம் வரியாக வேண்டும் என்றார் நாதியா. கஸ்தோன் ஒன்றுதான் கேட்டார்: 'தெரியாது' என்ற சொல் எங்காவது இருக்க வேண்டும். எலும்பிலிருந்து தோலின் நிறம் தெரியாது, இது அந்தப் பகுதியில் இன்று வாழ்பவர்களைப் பார்த்துத் தெரிந்தெடுத்தது என்று எழுத வேண்டும். நூதனசாலைகளுக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்காது என்றார் எலேன். ஆஸ்பத்திரிகளுக்கும் பிடிக்காது என்றார் கஸ்தோன். எலேன் அதற்காக மேலிடத்தோடு இரண்டு கிழமை மல்லுக்கட்டினார் என்று பிறகு அறிந்தேன். சொல் தங்கியது.

நான் முகத்தைத் தொடங்கினேன். அடியில் ஐந்தை விடக் கொஞ்சம் வெளிறிய களி, அதன் மேல் மெல்லிய மெல்லிய படைகளாகச் சாயம். ஒரே நிறமாக எந்த முகமும் இருக்காது. நெற்றி ஒன்று, கன்னம் ஒன்று, உதட்டோரம் ஒன்று. வேலை செய்யும் நேரமெல்லாம் ஸ்கான் படம் எதிரே இருந்தது. அதில் இடது கடைவாய்ப் பல் சொத்தையாகி, தாடை எலும்பில் ஓட்டை விழுந்திருந்தது. சாப்பாட்டில் மணல் கலந்து பல் தேய்ந்துபோகுமாம் அந்த ஊரில். அவளைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லலாம். பல்வலியால் துடித்தாள் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே சற்றுக் கருமை வைத்தேன். நித்திரை கொள்ளாதவர்களின் கருமை. கஸ்தோன் பார்த்து, சட்டென்று 'பொன்' என்றார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலையில் முகத்தை நூதனசாலையில் பொருத்தப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டார்கள். அந்த விளக்கில் அவள் இரண்டு துண்டு வெளிறிப் போனாள். ஐந்திலிருந்து மூன்றுக்கு. எலேனும் பார்த்தார். விளக்குப் பொருத்திய தொழிலாளர்கள் போய்விட்டார்கள், நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள், பெரிய வித்தியாசம் ஒருவருக்கும் தெரியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு ஒனோரேயின் காதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு தரம் வெளிச்சத்தால் அவரை ஏமாற்றியவள் நான். முகத்தை இங்கேயே கறுப்பாக்கட்டுமா என்று கஸ்தோனைக் கேட்டேன். வேண்டாம் என்றார். முகம் சரி, விளக்குப் பிழை.

பிறகு அவர் செய்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தன் பெரிய தோல் பையை நடு மண்டபத்தில் தரையில் வைத்து, பக்கத்து வாங்கில் உட்கார்ந்தார். "நோயாளி இன்னும் வீட்டுக்குப் போகும் நிலையில் இல்லை, மதாம்" என்றார். காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார். ஆறடி மனிதர் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மண்டபம் நிறைந்துவிடும். எலேன் தொலைபேசிக்கு ஓடினார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். நான் ஐந்தாம் துண்டைக் கையில் பிடித்து நிற்க, விளக்குக்கு முன்னால் ஒவ்வொரு நிறக் கண்ணாடித் தகடாக மாற்றிப் பார்த்தார்கள். ஏழாவது தகட்டில் அவள் திரும்பி வந்தாள்.

விழாவுக்கு எல்லாரும் வந்தார்கள். ஒனோரே பெட்டியின் முன்னால் கைகளைப் பின்னுக்குக் கட்டி நின்று, மாணவர்களுக்கு முதல் வரியை உரத்து வாசித்தார். சற்று நேரத்தில் நாதியா அந்த மூன்று சகோதரிகளோடு வந்து இரண்டாம் வரியை வாசித்தார். 'தெரியாது' என்றிருந்த மூன்றாம் வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. நல்லதம்பி அண்ணை கோட் சூட்டில் வந்திருந்தார். இப்படிச் சாய்ந்தும் அப்படிச் சாய்ந்தும் பார்த்தார். என்னை ஒரு தூணடிக்குக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, நீ நல்லாச் செய்திருக்கிறாய். அப்பிடியே எங்கட பெரியம்மான்ட முகம். ஆனா இவையளிட்ட இப்ப சொல்லாத, பேந்து ஆறுதலாச் சொல்லுவம்."

சொல்லமாட்டன் அண்ணை என்று வாக்குக் கொடுத்தேன். அவருக்கு மட்டும் அவள் பெரியம்மா இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? லாச்சிக்குள் 'மலர், கோடை' கிடக்கிறதே.

முகத்துக்குக் கலந்த களியில் இறுக வைக்கும் மருந்து சேர்க்காத மிச்சம் ஒரு போத்தல் லாப்பில் நின்றது. 'எகிப்து' என்று ஒட்டியிருந்தேன். அந்தக் கோடையில் பெரு நாட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். டவுன்டவுனில் ரெஸ்டோரண்ட் ஒன்றில் சமையல். இறைச்சி சீவும் இயந்திரத்தில் வலது சுட்டுவிரல் நுனி போயிருந்தது. அந்தக் கையை எப்போதும் அப்ரனுக்குள் மறைத்தே பழகியிருந்தாள். யன்னலோரம் இருத்தி, துண்டு துண்டாக வைத்துப் பார்த்தேன். ஐந்தில் வந்து நின்றது. நான் கஸ்தோனைப் பார்த்தேன். அவர் சாம்பல் அட்டையைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார், போய்ப் போத்தலை எடுத்து வந்தார். நல்லதம்பி அண்ணையிடம் பெருவுக்கு இன்னும் கோப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் கிழமை விரல் தயாரானது. உறை போல மாட்டிவிட்டேன். யன்னல் வெளிச்சம், குழாய் விளக்கு, மஞ்சள் பல்பு, மூன்றிலும் பார்த்தோம். அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த நிறத்தை எங்கே எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். கையிருப்பில் இருந்தது என்றேன். கஸ்தோன், விரலைப் பெற்றுக்கொண்டதற்கான படிவத்தை அவள் முன்னால் தள்ளினார். அவள் பேனாவை எடுத்து, புதுச் சுட்டுவிரலால் அதை அழுத்திப் பிடித்து, பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்த பிறகுதான், எந்தக் கையால் எழுதினோம் என்று குனிந்து பார்த்தாள்.